வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள்

திருச்சி விமான நிலையத்தின் குடியேற்றச் சோதனை வரிசையில் ஸ்ரீரங்கத்துப் பிள்ளையும் பாலக்கரைப் பிள்ளையும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாக 'ஈசிஆர்' என்ற குறிப்பு இருக்கும். அத்தகையோர் வேலை விசாவில் சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்வதற்கு முன், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியைப் பெறவேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஏற்பாடு இது. ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் அரசு முன்கூட்டியே பார்த்துவிடும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், சுற்றுலா விசாவுக்கு இந்த அனுமதி தேவையில்லை. போலி முகவர்கள் ஆள் அனுப்புவது இந்த ஓட்டை வழியாகத்தான். போன இடத்தில் சம்பளம் மறுக்கப்பட்டால், எடுத்துக்காட்ட ஒப்பந்தமே இராது. இங்கேயே பிடிபட்டாலோ, திரும்பி வருபவர் கடன்பட்ட தொழிலாளி. முகவர் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பார். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவரிடமும் பணம் வாங்கியவர் யார் எனக் கேட்டு, அவர் மீதன்றோ அரசு வழக்குத் தொடரவேண்டும்!

நம் பக்கமும் குறை உண்டு. பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் ஜிஎஸ்டி நீங்கலாக 30,000 ரூபாய்தான். நாமோ நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கொடுக்கிறோம், ரசீதும் கேட்பதில்லை. கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு! முகவரின் பதிவை 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்த்துச் சொல்ல, ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர் இருவர் போதும்.