சுதேசி ‘அரட்டை’யும் எழுபது மணி உழைப்பும்

சீர்காழிச் சுற்றுப்புறத்துக் கிராமங்களில், நடவு முடிந்த மாலை வேளைகளில் திண்ணையில் நடப்பதற்கே நம் ஜனங்கள் அரட்டை என்று பெயரிட்டிருந்தனர். அப்பெயர் 2025-ம் வருஷம் செப்டம்பரில் தேசமெங்கும் அடிபட்டது. தஞ்சை ஜில்லாக் கிராமமொன்றைப் பூர்விகமாகவுடைய ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996-ல் தொடங்கிய ஸ்தாபனமே இன்று ஸோஹோ எனப்படுவது. அது 2021-ல் வெளியிட்ட ‘அரட்டை’ச் செயலியில் நாளொன்றுக்கு 3,000 பேராகச் சேர்ந்து வந்தவர்கள், மூன்றே நாட்களில் 3,50,000 பேராகப் பெருகினரென்று அவரே தெரிவித்தார்.

இச்செய்தி நமக்கு உவகையளித்ததே. ஆயினும் தேசாபிமானம் ஒன்றே பண்டத்தைக் காக்குமென நம்புவது பேதைமையாகும். ‘ஹைக்’ 2021-லும் ‘கூ’ 2024-லும் மூடப்பட்டன, அவையும் சுதேசிகளே. 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பலோட்டியபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அவரை நெருக்கிற்று. இன்றோ எதிராளியான வாட்ஸப்பின் பண்டத்துக்கு விலையே இல்லை; குறைப்பதற்கு யாதுமில்லை. உற்றார் உறவினர் யாவரும் அங்கேயே இருக்கின்றனர். எழுதியவரும் பெறுபவருமன்றி ஸ்தாபனத்தாரும் கடிதத்தை வாசிக்கவியலாத பாதுகாப்பை அவர்கள் 2016-லேயே அளித்திருக்க, அரட்டையின் எழுத்துச் செய்திகளுக்கு அந்தச் செப்டம்பரில் அது இருக்கவில்லை. ஜனங்கள் தாய்நாட்டுப் பண்டத்தைத் தேடி வந்த வேளையில் பண்டம் முழுமையாக ஆயத்தமாகியிராதது வருந்தத்தக்கது.

இத்தகைய போட்டியில் வெல்லும் மார்க்கம் யாது? இளைஞர் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சித்தமாயிருக்க வேண்டுமென்று இன்போஸிஸ் ஸ்தாபகர் ஸ்ரீ நாராயணமூர்த்தி 2023-ல் உபதேசித்தார். எல் அண்டு டி தலைவரோ 2025 ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து 90 மணியைப் பிரஸ்தாபித்தார். நம் ராஜ்யத்தில் 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என விதித்து, மிகைநேரம் உட்பட 54 மணிக்கு மேற்படலாகாதென்கிறது. ஆகவே 70 மணி என்பது உபதேசமாகத் தோன்றினும் சட்டத்துக்குப் புறம்பானதே.

நாற்று நடும் பெண்ணுக்குச் சூரியன் சாய்ந்தால் கரையேறலாம். கணினியின் முன் அமர்ந்தவனுக்கு அஸ்தமனமில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் இரயிலேறிச் சென்று சென்னையில் காண்பது இதனையே. களைத்த மூளையினின்று பிழை மலிந்த பண்டமன்றி உயர்ந்த பண்டம் பிறக்குமோ?

கப்பலோட்டிய அதே பிள்ளையவர்கள் 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தபோது அவர் பக்கம் நின்றார். ஆலை அந்நியருடையதாயிற்றே என்பர். அந்நிய முதலாளியிடம் கேட்ட நியாயத்தைச் சுதேசி முதலாளியிடம் கேட்பது எங்ஙனம் துரோகமாகும்?

மேற்படி சட்டம் நிர்வாகப் பதவியினர்க்கு விலக்களிக்கிறது. அதனைக் கொண்டு, எவரையும் ஏவும் அதிகாரமற்ற இளைஞனுக்கு ‘மானேஜர்’ பட்டம் மாத்திரம் சூட்டி நள்ளிரவுவரை இருத்துவதைச் சர்க்கார் அனுமதிக்கலாகாது. சீர்காழிக் கடைவீதி ஜவுளிக்கடைக்கு விதித்த அதே சட்டத்தின் பேரில், தொழிலாளர் இலாகா அதிகாரிகள் பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடி மாளிகைகளிலும் நுழைந்து வேலைநேரப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.