அழுகைக் கதையா?

தொலைக்காட்சித் தொடர்களை "வேலையற்றவர்களின் அழுகைக் கதை" என்று ஏளனம் செய்யும் கனவான்கள் உண்டு. நைட் ஷிப்டு முடிந்து வந்து, பகலில் சோறு பொங்கிக்கொண்டே தொடர் பார்க்கும் பெண்ணா வேலையற்றவள்?

சன் தொலைக்காட்சியில் 2002 முதல் 2005 வரை ஓடிய திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொள்வோம். 2020-ல் கொரோனா ஊரடங்கால் படப்பிடிப்பு நின்றபோது அதையே மறுபடி போட்டார்கள். முடிவு தெரிந்தும் மக்கள் பார்த்தார்கள். ஏன்? மனைவியை இழந்த ஒரு தகப்பன் ஐந்து பெண்களைக் கரையேற்றப் படும் பாடுதான் கதை. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார நூற்பாலை விடுதிகளில், ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்றாண்டு அடைபட்டு, கலியாணத்துக்கென்று கடைசியில் தரும் தொகைக்காகக் காத்துக் கிடந்தார்களே, அந்தப் பெண்களின் தகப்பன்மார் பட்டதும் இதே பாடுதான்!

நீளம் அதிகம் என்பது உண்மை. பகல் நேரத் தொடரான ‘சந்திரலேகா’ 2014 முதல் 2022 வரை ஓடியது. விளம்பரம் வரும் வரை கதைக்கு முடிவு ஏது?

நமது குறை வேறு. தொடர்களில் பழியெல்லாம் பெரும்பாலும் மாமியார் தலையில் விழுகிறது. வரதட்சணையைச் சட்டம் 1961-லேயே தடை செய்தது. அதற்குப் பின்னும், தன் கலியாணச் செலவுக்கு மகளே மில்லுக்குப் போகும்படி தகப்பனின் கூலியைக் குறைத்து வைத்தவர்கள் யார்? அந்தக் கேள்வியோடு காமிரா மில் கேட்டுக்கு அநேகமாக வருவதில்லை.