என்புக்கும் ஏகபோகமா?

டிக்கோயாவில் மழை பிடித்துக்கொண்டால், கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து எலும்பு முறிவது புதுச் செய்தியன்று. முறிந்த இடம் கூடாமல் இடைவெளி விழுந்தால், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது எடுத்து அதனை நிரப்புவது மருத்துவர் வழக்கம். அது போதாதபோது செயற்கை ஒட்டுப்பொருள் வேண்டும். அதன் விலையைக் கேட்டால் நாட்சம்பளக்காரர் வீடு கலங்கும்.

அவ்விலையை ஏற்றிவைக்கும் காரணங்களுள் ஒன்று ஆக்கவுரிமை. தமிழகத்தார் காப்புரிமை என்பர். 20 ஆண்டு ஏகபோகம் அது. அதனைப் பெறப் புதுமை மட்டும் போதாது. அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ளவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருத்தல் வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதையே கேட்கிறது.

எலும்பு எதனால் ஆனது? பெரும்பகுதி கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமம். எஞ்சியதில் பெரும்பங்கு கொலாஜன் புரதம். முதலாண்டு மருத்துவ மாணவரும் அறிந்த பாடம் இது. அவ்விரண்டையும் கலந்து, விகிதத்தைச் சற்றே மாற்றி, 'கண்டுபிடித்தேன்' என்று வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றே: எவரும் எதிர்பாராத பயன் என்ன விளைந்தது? விளையவில்லையெனில் அது பழைய கள், புதிய மொந்தை.

'செய்து காட்டிய பின் எல்லாம் எளிதாகவே தோன்றும்' என்பர் மறுதரப்பார். நியாயமான எச்சரிக்கைதான். துளைகளின் அளவும், உடலில் கரையும் வேகமும் எலும்பு வளர்வதைத் தீர்மானிக்கின்றன. அதில் மெய்யாகவே முன்னேறியவருக்கு உரிமை கிடைக்கட்டும். ஆனால் முன்னேற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை உரிமை கேட்பவர் தோளிலேயே இருக்கவேண்டும். தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த பயனுக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் கண்டுபிடிப்பாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2007இல், வாகன மிதிகட்டை பற்றிய கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் கூறிவிட்டது.

இந்தியா மேலும் ஒரு படி சென்றது. அறிந்த பொருளின் புது வடிவமெனில் அதன் ஆற்றல் கூடியிருக்கவேண்டும் என்கிறது அதன் சட்டத்தின் 3(டி) பிரிவு. க்ளிவெக் என்னும் புற்றுநோய் மருந்துக்காக நொவார்ட்டிஸ் செய்த விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் காட்டியே கதவை மூடியது. விலை குறைந்த மாற்று மருந்து பல்லாயிரம் நோயாளிகளுக்கு நிலைத்தது.

எங்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. 'வெளிப்படை' என்ற ஒற்றைச் சொல்லைப் பரிசோதகர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்பதில் ஏழையின் கால் தொங்குகிறது.

இந்தியா கட்டித்தந்த 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே மாதம் டிக்கோயாவில் இந்தியப் பிரதமர் திறந்து வைத்தார். மலையகத்தின் பெயரால் நாடாளுமன்றம் சென்றோர் வரிசையில் நின்று கைதட்டினர். கட்டடத்தை வாங்கிக்கொண்டோம், நன்றி. அந்த நாட்டின் சட்டத்திலிருந்து ஒரு பிரிவையும் வாங்கிக்கொள்ள எங்கள் பிரதிநிதிகளுக்கு எது தடை?