400 வாட்டில் அறை சூடாகாது

கார்த்திகை பிறந்ததும் கைபேசித் திரையில் அந்தக் காணொளி வந்துவிடுகிறது. உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைச் சுவரில் உள்ள பிளக் பாயின்டில் செருகுகிறார்கள். முகப்பில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போய் 32-இல் நிற்கின்றன. ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனி உருகி வழிகிறது. போர்வைக்குள் ஒடுங்கிக் கிடந்த பாட்டி போர்வையை விலக்கிவிட்டுச் சிரிக்கிறார். இரண்டே நிமிடத்தில் அறை முழுவதும் சூடாகும், மின் கட்டணத்தில் 30 சதவீதம் மிச்சமாகும், இன்றிரவோடு சலுகை முடிகிறது என்று எழுத்துகள் ஓடுகின்றன. பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்பதால் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் பலர் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

இந்த விளம்பரங்கள் தரும் முக்கியமான இரண்டு வாக்குறுதிகளும் பொய். அதை நிறுவ ஆய்வுக்கூடம் தேவையில்லை. முகப்பொலிவுக் களிம்பு வேலை செய்கிறதா, சத்து மாவு குழந்தையை வளர்க்கிறதா என்று கண்டறியப் பல மாதச் சோதனை வேண்டும்; நிபுணர்கள் வாதிடவும் இடமுண்டு. மின்சார ஹீட்டர் விஷயத்தில் வாதத்துக்கே இடமில்லை. பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டில் 400 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு எண்ணே விளம்பரம் முழுவதையும் மறுத்துவிடுகிறது. ஆகவே, யாராவது ஏமாந்து புகார் கொடுக்கட்டும் என்று அரசு காத்திருப்பதில் எந்த நியாயமும் இல்லை.

மின் ஹீட்டர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். மின்சாரம் ஒரு தடையின் வழியாகப் பாய்கிறது, தடை சூடாகிறது. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக வெளியே வந்துவிடுகிறது. கம்பிச்சுருள் ஹீட்டரும் செராமிக் ஹீட்டரும் குவார்ட்ஸ் குழாய் ஹீட்டரும் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரும் இதில் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல, கூடியவையுமல்ல. 1,000 வாட் வாங்கினால் 1,000 வாட் வெப்பம் தரும். 400 வாட் வாங்கினால் 400 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடலிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. அந்தப் பெட்டி தருவது, அறைக்குள் நான்கு பேர் வந்து உட்கார்ந்தால் கிடைக்கும் வெப்பம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்வோம். கூரை உயரம் பத்தடி. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்று சற்று அடர்த்தி குறைந்தது. அப்படியும் அந்த அறைக்குள் 30 கிலோவுக்கு மேல் காற்று இருக்கும். 400 வாட் ஹீட்டர் இரண்டு நிமிடத்தில் தரும் மொத்த வெப்பமும் அந்தக் காற்றுக்கே போய்ச் சேர்ந்தால்கூட வெப்பநிலை ஒன்றரை டிகிரிதான் ஏறும். சுவர், தரை, கட்டில், பீரோ எதுவும் துளி வெப்பத்தையும் உறிஞ்சவில்லை, கதவிடுக்கில் காற்றே புகவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் நடப்பது வேறு. உள்கூரை இல்லாத தகர ஷீட் வீட்டில், வெளியே இருப்பதைவிட உள்ளே பத்து டிகிரி கூடுதலாக வைத்திருக்க வேண்டுமானால், கூரை வழியாக மட்டுமே 400 வாட்டுக்கு மேல் வெளியேறிக்கொண்டிருக்கும். இரவு முழுவதும் ஓடவிட்டாலும் அந்தப் பெட்டியால் அறையைச் சூடாக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தவரின் கைகால் கொஞ்சம் கதகதப்பாகும், அவ்வளவுதான். 32 என்று காட்டும் எண்ணும் பெரும்பாலும் அறையின் வெப்பநிலை அல்ல. நாம் பொத்தானை அழுத்தி வைத்த அளவு, அல்லது பெட்டியின் வாயருகே உள்ள சூடு. கண் முன்னால் எண் ஏறும்போது அறை சூடாகிறது என்று நம்பிவிடுவது இயல்பு. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் காணொளியே எடுக்கிறார்கள்.

அடுத்தது 30 சதவீத மிச்சம். எதில் மிச்சம் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீடு முழுவதையும் சூடாக்கும் மைய அமைப்பு உண்டு. அதன் அளவைக் குறைத்துவிட்டு, ஆள் இருக்கும் ஒரு அறையில் மட்டும் சிறிய ஹீட்டரைப் போட்டால் மொத்தச் செலவு குறையக்கூடும். மிச்சம் ஹீட்டரால் வருவதல்ல, மற்ற அறைகளைக் குளிர விட்டதால் வருவது. அங்கேயே பாதி உண்மையாக இருந்த இந்த வாசகத்தை இங்கே கொண்டுவந்து அப்படியே தமிழிலும் இந்தியிலும் போடுகிறார்கள். குன்னூரிலோ கொடைக்கானலிலோ சாதாரண வீடுகளில் அப்படி ஒரு மைய அமைப்பே கிடையாது. நேற்றுவரை ஸ்வெட்டரும் கம்பளியும் போர்த்திக்கொண்டு தூங்கிய குடும்பத்துக்குக் குறைப்பதற்கு என்ன கட்டணம் இருக்கிறது? ஹீட்டர் வந்தால் அது கூடுதல் செலவுதான். 400 வாட் பெட்டி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 190 யூனிட். அந்தப் பெட்டியில் குளிர் அடங்காமல் இன்னொன்று வாங்கினால் இதுவே இரட்டிப்பாகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்கிய குடும்பம் மார்கழிக் கணக்கெடுப்பில் அதைத் தாண்டி நிற்கக்கூடும்.

இந்த வித்தை புதிதல்ல. 2008, 2009 குளிர்காலங்களில் அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் தொடர்ந்து வந்தன. எளிய கைத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆமிஷ் சமூகத்துத் தச்சர்கள் கையால் செய்த மரச்சட்டத்தை வாங்கினால் ஹீட்டர் இலவசம் என்றார்கள். சட்டத்தின் விலை ஏறக்குறைய 300 டாலர். உள்ளே இருந்தது சீனாவில் தயாரான சாதாரண 1,500 வாட் ஹீட்டர். அமெரிக்க வீடுகளின் சாதாரண பிளக் பாயின்டில் செருகும் ஹீட்டர்களுக்கு அதுவே நடைமுறை உச்சம் என்பதால், கடையில் 30, 40 டாலருக்குக் கிடைத்ததும் அதே வெப்பத்தைத்தான் தந்தது. காபி தயாரிக்கும் மின்சாதனத்தைவிடக் குறைந்த மின்சாரமே செலவாகும் என்றும் விளம்பரத்தில் இருந்தது. அந்தக் காபி சாதனம் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். ஹீட்டர் இரவு முழுவதும் ஓட வேண்டும். ஒரு கணத்தின் மின்னளவை ஒப்பிட்டுவிட்டு, ஓடும் நேரத்தைச் சொல்லாமல் விடுவது அன்றைய உத்தி. இன்றும் அதுவே உத்தி. அன்று அந்தப் பக்கங்களை விற்றவை நாளிதழ்கள். வருகிற விளம்பரத்தை வாங்கிப் போடுவதுதான் எங்கள் வேலை என்று சொல்லி எந்தப் பத்திரிகையும் இதிலிருந்து விலகிக்கொள்ள முடியாது.

பொய்களோடு சில வெற்று உண்மைகளையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஆக்சிஜனைக் குறைக்காது என்கிறார்கள். எந்த மின் ஹீட்டரும் ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. எதையும் எரிக்காத சாதனம் அது. செராமிக் தொழில்நுட்பம் என்கிறார்கள். சூடு ஏற ஏற மின்தடை கூடித் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் செராமிக் துண்டு பாதுகாப்புக்கு நல்லது. மின்சாரத்தை அது மிச்சப்படுத்தாது. செலவிடும் மின்சாரத்தைவிடக் கூடுதல் வெப்பம் தரும் சாதனம் ஒன்று உண்டு. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துவரும், குளிர், சூடு இரண்டும் தரும் ஏ.சி. அது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம் தரக்கூடியது. ஆனால், அது ஆயிரம் ரூபாய்க்கு வராது. பிளக்கில் தொங்கவும் செய்யாது.

பணம் போனதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. நமக்குப் பெரிய கவலை நெருப்பு. இத்தகைய பெட்டிகளில் பலவற்றில் வெளிநாட்டு அமைப்பில் இரண்டு முள் மட்டுமே இருக்கும். நம் சுவிட்ச் போர்டில் சரியாகப் பொருந்தாமல் இடையில் ஒரு அடாப்டரைச் செருகுவார்கள். பெட்டியின் எடை முழுவதும் அந்த முள்ளில் தொங்கும். நாளடைவில் பிடி தளர்ந்து, முள்ளுக்கும் போர்டுக்கும் இடையே பொறி பறந்து, பிளாஸ்டிக் பழுத்து உருகும். பழைய வயரிங் உள்ள எஸ்டேட் லைன் வீட்டில், ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் டி.வி.யும் கெட்டிலும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும். பக்கத்தில் கம்பளி தொங்கும். வாங்குபவர்களில் பலர் குளிர் தாங்காத முதியவர்கள் இருக்கும் வீட்டார், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் மூச்சடைத்து இறந்த செய்திகள் கொடைக்கானலிலிருந்து வந்ததுண்டு. அதைப் படித்து அஞ்சி, கரியை விட்டு மின்சாரத்துக்கு மாறும் குடும்பம் சரியான முடிவைத்தான் எடுக்கிறது. அந்தக் குடும்பத்தின் கையில்தான் இந்தப் பெட்டியைக் கொடுக்கிறார்கள்.

ரூம் ஹீட்டருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை நம் நாட்டில் கட்டாயம். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். கைபேசி விளம்பரத்தில் விற்கும் பெட்டிகளில் பலவற்றில் முத்திரையே இல்லை. இறக்குமதி செய்தவரின் முகவரியும் இல்லை. 2025 மார்ச்சில் தர நிர்ணய அமைவன அதிகாரிகள் டெல்லியில் அமேசான் கிடங்கைச் சோதனையிட்டு, கீசர், மிக்ஸி உள்ளிட்ட 3,500-க்கும் மேற்பட்ட மின்சாதனங்களைப் பறிமுதல் செய்தார்கள். பெரிய நிறுவனத்தின் கிடங்கிலேயே இந்த நிலை என்றால், பெயர் மாற்றி மாற்றி முளைக்கும் ஒரு பக்க இணையக் கடைகளின் சரக்கு எப்படி இருக்கும்?

சட்டம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும் மறுமுறை 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. பொய் விளம்பரம் செய்தவருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் வழியுண்டு. புகாரே இல்லாமல் ஆணையம் தானாக முன்வந்து விசாரிக்கலாம். இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவும் செய்திருக்கிறார்கள்: முழங்கால் வலிக்குக் காந்தப் பட்டை விற்ற தொலைக்காட்சி விற்பனை நிறுவனமான நாப்டோலுக்கு 2022-இல் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். அதே ஆண்டு, தரச்சான்று இல்லாத 2,265 பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டார்கள். குக்கருக்குச் செய்ததை ஹீட்டருக்கும் செய்வதில் என்ன தடை?

தடை ஒன்று இருக்கிறது. வழக்கமான தொழில் நடைமுறையில் விளம்பரத்தை வெளியிட்டவருக்கு, அந்த விளம்பரத்தை நீக்கச் சொல்லும் ஆணையத்தின் உத்தரவு முன்பே தெரிந்திருந்தால் தவிர, சட்டம் விலக்கு அளிக்கிறது. சமூக ஊடக நிறுவனங்கள் அந்த விலக்கின் பின்னால் நிற்கின்றன. விற்பவர் இன்று ஒரு பெயரில் இருப்பார், நாளை இருக்க மாட்டார். அவரைத் தேடிப் பிடித்து அபராதம் போடுவது காற்றைப் பிடிக்கும் வேலை. ஒவ்வொரு குளிர்காலமும் நிலையாக இருப்பது விளம்பரத்துக்குக் காசு வாங்கும் தளம் மட்டுமே. இந்த வாசகம் பொய் என்று ஆணையம் ஒருமுறை அறிவித்துவிட்டால், அதன்பிறகும் அதை ஓடவிடும் தளம் எனக்குத் தெரியாது என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. ஒரு விளம்பரத்துக்கு மட்டுமல்ல, அந்த வாசகம் வரும் எல்லா விளம்பரங்களுக்கும் பொருந்தும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அந்த அறிவிப்பை இந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே ஆணையம் வெளியிடலாம். தடையின் வழியாகச் சூடேறும் எந்த ஹீட்டரும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது, வாட் அளவை விலைக்குப் பக்கத்தில் அதே எழுத்தளவில் போட வேண்டும், ஐ.எஸ்.ஐ. உரிம எண் இல்லாமல் எந்தத் தளமும் ஹீட்டரைப் பட்டியலிடக் கூடாது. இதற்குப் புதிய குழுவோ ஆய்வோ தேவையில்லை.

டெல்லி அசையும்வரை நம் மாவட்டங்கள் கைகட்டி இருக்கவும் வேண்டாம். பொய் விளம்பரம் குறித்துப் புகார் வந்தால் விசாரித்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை அதே சட்டம் மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்திருக்கிறது. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். பெட்டியையும், அதன் பின்புறச் சீட்டையும், கைபேசியில் வந்த விளம்பரத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு, உதகையிலோ திண்டுக்கல்லிலோ திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே கொடுக்கலாம். அப்படி வரும் முதல் மனுவின் மீதே இரண்டு ஆட்சியர்களும் விசாரணையைத் தொடங்கி, உறைபனிக் காலம் முடிவதற்குள் அறிக்கையை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்.