எப்பருவத்துக்கும் என்றொரு பொய்

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. டயர் விற்பவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘எல்லாப் பருவத்துக்கும்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

நூம்பலில் வசிக்கும் என் மைத்துனர் சென்ற ஐப்பசி மழையில் வேலப்பன்சாவடி அருகே தம் மின்காரை நிறுத்த முயன்றார். வண்டி வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. பின்னிருக்கையில் மகள். மறுநாளே நான்கு டயர்களையும் மாற்றினார். “வெயில், மழை, பனி, எதுக்கும் கவலை இல்ல சார்” என்றாராம் கடைக்காரர்.

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் கண்ணாடியில் படிவது. அந்த டயரின் பக்கச்சுவரிலோ மூன்று சிகரங்கொண்ட மலையும் அதற்குள் ஓர் உறைபனித் துகளும் பொறித்திருந்தன. ஒரு மொழிபெயர்ப்புப் பிழையை மைத்துனர் விலைகொடுத்து வாங்கி வந்திருக்கிறார்.

சின்னம் பொய்யல்ல. உறைபனித் தரையில் சோதித்துத் தேறிய டயருக்கே அது உரியது. குளிரில் இறுகாதபடி அதன் ரப்பரை மென்மையாக்கி, மேற்பரப்பு நெடுக மெல்லிய கீறல்கள் இட்டிருப்பார்கள். ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழேதான் அதன் அருமை தெரியும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 பாகை, நம் அடைமழையும் பெரும்பாலும் 20 பாகைக்கு மேல்தான் பெய்கிறது. சித்திரை வெயிலில் கொதிக்கும் தாரின்மேல் அந்த மென்மையே வினையாகிறது. ரப்பர் நெளிகிறது, வண்டி நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கிறது, டயர் விரைவில் தேய்கிறது. நெளிவில் வீணாகும் ஆற்றலுக்கும் பேட்டரிதான் கப்பம் கட்டவேண்டும்.

மின்காருக்கு இத்தகைய குறை பெரிது. பேட்டரியால் எடை அதிகம். மிதித்த கணமே முறுக்குவிசை முழுதாக வந்து சேர்கிறது. காலை எடுத்தாலோ மோட்டாரே பிரேக்காகி, முன்சக்கரத்தால் இயங்கும் கார்களில் முன்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. ஈரத்தில் அந்த இரண்டு உள்ளங்கை அகல ரப்பரை நம்பித்தான் எல்லாம்.

ஆகவே உருளும் தடை குறைந்த டயரே போதும் என்று இன்னொரு சாரார் கிளம்புவார்கள். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே இவர்களுடைய ஒரே இலக்கணம். ஈரப்பிடிமானத்தை விட்டுக்கொடுத்து அந்தத் தூரத்தை வாங்குவது எளிது. மைத்துனரின் பழைய டயர்களும் அந்தச் சாதிதான், போதாக்குறைக்குத் தேய்ந்தும் இருந்தன. சிலிக்கா கலந்தால் இரண்டையும் காக்கலாமே என்று கேட்கலாம். மிஷ்லின் 1992இலேயே அதைச் செய்துகாட்டியது, உண்மை. ஆனால் நம் கடையில் இருக்கும் எந்த டயர் அதை எந்த அளவு காத்திருக்கிறது என்று வாங்குபவனுக்கு யார் சொல்வது? ஐரோப்பாவில் 2012 முதல் ஒரே சீட்டில் உருளும் தடைக்கும் ஈரப்பிடிமானத்துக்கும் தனித்தனித் தரம் அச்சாகிறது. இங்கே 2022இல் மத்திய அரசு ஈரப்பிடிமானத்துக்கும் குறைந்தபட்ச வரம்பு விதித்தது, நல்லது. ஆனால் வரம்பு என்பது தேர்ச்சி மதிப்பெண். முப்பத்தைந்து வாங்கியவனும் தொண்ணூறு வாங்கியவனும் கடை அலமாரியில் ஒன்றாகவே அமர்ந்திருக்கிறார்கள். கிலோமீட்டரைக் கொட்டை எழுத்தில் போடும் விளம்பரங்கள் ஈரச்சாலையில் நிற்கும் தூரத்தையும் அதே அளவு எழுத்தில் போடட்டும். அதுவரை ‘எப்பருவத்துக்கும்’ என்ற சொல்லை நான் ஏற்பதாக இல்லை.

மைத்துனரிடம் இதையெல்லாம் சொன்னேன். வாங்கியாயிற்றே என்றார். சட்டம் 1.6 மில்லிமீட்டர் தேயும்வரை ஓட்ட விடுகிறது. நீங்கள் 3 மில்லிமீட்டரிலேயே, அதுவும் ஐப்பசி பிறக்குமுன், கழற்றிவிடுங்கள் என்றேன்.