பிரேக் தானாக வராது

“எட்டாவதுதான் சார் படிக்கிறான். வண்டி செமயா ஓட்டுவான்.” ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் ஓய்வதே இல்லை. பைக்கில் உட்கார்ந்திருந்த பையனுக்கு நுனிக்கால்தான் தரையில் பட்டது. “பிரேக் பிடிக்க யாருங்க சொல்லிக்கொடுத்தது?” என்றேன். “அதெல்லாம் தானா வரும் சார்.”

வராது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. நாயைப் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆனால் அந்த 11 மீட்டர் போச்சு. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கையில் எடை முன்சக்கரத்துக்குப் போவதால், வண்டியைப் பெரும்பாலும் நிறுத்துவது முன் பிரேக்தான். நாமோ பிள்ளைகளிடம், “முன் பிரேக்க தொடாத, குப்புற விழுவ” என்கிறோம். மெல்லப் பிடித்துப் பிறகு இறுக்குவது, திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைக்கு வரும்.

நானும் பதினான்கு வயதில் அப்பாவின் டி.வி.எஸ். 50-ஐ ஓட்டியவன்தான். எங்கள் ஊர்ச் சாலையில் அன்று கன்டெய்னர் இல்லை. அதனால் தப்பித்தேன், அவ்வளவுதான்.

திறமை காப்பாற்றும் என்பவர்கள் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையை நினைக்கட்டும். 2023 ஆகஸ்ட் 5 அன்று அங்குள்ள பந்தயத் தடத்தில், தேசியப் போட்டியில் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். பயிற்சி பெற்றவன், வெற்றிகள் கண்டவன். ஹெல்மெட் இருந்தது. எதிரே லாரி வராத தடம். அங்கேயே அப்படி என்றால், வெறுந்தலையோடு ஒரகடம் சாலையில்?

சட்டம் மிரட்டத்தான் செய்கிறது. 2019 திருத்தத்தின்படி சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பதினாறு வயதில் 50 சிசி வரை ஓட்டலாம் என்கிறது 1988 சட்டம். இன்று கடையில் நிற்கும் மொபெட்டோ 100 சிசி. பதினெட்டில் போய் எட்டு போட்டால் லைசென்ஸ். அவசரத்தில் நிறுத்த எவர் சொல்லித்தருகிறார்?

டீக்கடைக்காரர் எடுத்த கேள்வி நியாயமானது: “நான் ஷிப்ட்டு. கம்பெனி பஸ் எனக்கு வருது, ட்யூஷன் போற புள்ளைக்கு பஸ் ஏது?” இதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசும் ஆலைகளும். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு பைக் செய்கிறது, வல்லம் வடகாலில் யமஹாவும். வாகனங்களைச் சோதிக்க ஒரகடத்தில் தனி ஆய்வு மையமும் தடமும் உண்டு. வண்டிக்கு இவ்வளவு சோதனை; ஓட்டப்போகிறவனுக்கு ஒரு மைதானம் கூடாதா? சிப்காட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்தை அடைத்துக் கொடுங்கள், முதல் பாடம் நிற்பதாக இருக்கட்டும். பள்ளி நேரத்துக்கு பஸ் விடுங்கள்.

அப்பாக்கள் இன்றே தொடங்கலாம். சைக்கிளில் கை காட்டித் திரும்பச் சொல்லுங்கள். லாரியின் இடப்பக்கம் ஒட்டிப் போனால் டிரைவருக்குத் தெரியாது என்று நிறுத்திக் காட்டுங்கள். டீ குடிக்கப் போனாலும் ஹெல்மெட் போடுங்கள். பின்னால் உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டுதான் வருகிறான். பதினெட்டு வரை சாவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.