பிந்தி வந்த பாராட்டு

கடற்படைப் பிரிவொன்றுக்கு அளிக்கப்படும் பாராட்டு, கப்டனுக்கும் சமையற்காரனுக்கும் ஒருங்கே உரியது. 1944 இல் அமெரிக்கா ஏற்படுத்திய கடற்படைப் பிரிவுப் பாராட்டின் நியாயம் இதுவே.

'இந்தியானாப்பொலிஸ்' கப்பலுக்கு அந்த நியாயம் எப்போது கிட்டிற்று? ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டின் பாகங்களைத் தினியன் தீவில் இறக்கிய அக்கப்பல், 1945 யூலை 30 ஆம் நாள் யப்பானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேரில் 316 பேரே மீண்டனர். கப்பல் கரைசேராமையைக் கவனியாதிருந்த கடற்படை, கப்டன் மக்வேயைக் குற்றக்கூண்டில் நிறுத்தியது. வளைந்து வளைந்து செலுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. அவ்வாறு செலுத்தியிருப்பினும் தப்பியிராது என, தாக்கிய நீர்மூழ்கியின் தளபதி ஹஷிமோட்டோவே சாட்சியம் அளித்தார். ஆயினும் குற்றவாளி என்றே தீர்ப்பாயிற்று. 1968 இல் மக்வே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். 2001 இலேயே அவர்மீதிருந்த பழி நீங்கியது. கப்பலினருக்குப் பாராட்டும் அவ்வாண்டே வந்தது.

அணுகுண்டைச் சுமந்ததன் அறம் வேறு வழக்கு. நாம் கேட்பது ஒன்றே: புகழைப் பலருக்கும் பகிரும் அரசு, பழியை மட்டும் ஒருவர் தலையில் கட்டுவது நீதியாகுமா? உயிர்தப்பியோர் பல்லாண்டு வாதாடியே தம் கப்டனின் பெயரைத் துடைத்தனர். கேளாதார்க்கு நீதி வழங்கும் மேலிடம் எங்கும் இல்லை.